வெள்ளெலியும் தெள்ளுப்பூச்சியும்: ஓர் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம்

ஐதராபாத் நகரை அடுத்த ராஜேந்திரநகரில் 1966 ஆம் ஆண்டில் மத்தியத் தாவரப் பாதுகாப்புப் பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றது. இன்று அது தேசியத் தாவர நல மேலாண்மை நிலையம் என்னும் பெயருடன் விளங்குகிறது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வரும் விவசாயத் துறை ஊழியர்களுக்கு அங்கே கற்பிக்கப்படும் பாடங்களுள் எலி ஒழிப்பும் ஒன்று. வரப்பிலுள்ள வளைகளை மாலையில் மண்ணால் அடைத்துவிட்டு, மறுநாள் காலையில் திறந்திருப்பவற்றை மட்டும் எலி வாழும் வளைகள் என்று குறித்துக்கொள்ளும் முறை ஊழியர் அனைவரும் அறிந்ததே. குறித்த வளைகளில் நஞ்சுத் தீனி வைக்கப்படுகிறது. இறந்த எலிகளின் தொகை நாட்குறிப்பில் ஏறுகிறது. ஆனால் அவ்வெலிகளின் மயிரடர்ந்த உடலில் குடியிருந்த தெள்ளுப்பூச்சிகள் எங்கே சென்றன என்பதைக் குறிக்க அந்த நாட்குறிப்பில் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. இவ்விடுபாடு சிறியதன்று. ஒரு பிரதேசத்தில் எலிகள் குறையும்போது, எஞ்சிய ஒவ்வோர் எலியின் மீதும் தெள்ளுப்பூச்சிகள் பெருகுகின்றன. பிளேக் நோயின் வரலாறு முழுவதும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே சுழன்றிருக்கிறது எனலாம்.

தக்காணப் பீடபூமிக்கு அந்நோய் புதியதன்று. 1896 ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய பிளேக், ரயில் பாதைகளையும் தானிய மூட்டைகளையும் பின்பற்றி உள்நாட்டில் பரவிற்று. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இந்தியாவில் அதற்குப் பலியானோர் 1 கோடிக்கு மேற்பட்டவர்கள். ஐதராபாத் நகரம் 1908 இல் மூசி ஆற்றின் வெள்ளத்தால் சீரழிந்து, தேறி எழும் முன்னரே 1911 இல் பிளேக்குக்கு ஆளாயிற்று. மறு ஆண்டில் அமைக்கப்பட்ட நகர அபிவிருத்தி மன்றம் நெருக்கடியான குடியிருப்புகளை இடித்து அகன்ற தெருக்களை வகுத்ததற்கு இவ்விரு துன்பங்களும் காரணங்களாம்.

நோய் எவ்வழியாகப் பரவுகிறது என்ற கேள்விக்கு விடை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கிடைத்திருந்தது. 1897 ஆகஸ்டு 20 ஆம் நாள் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். ஓராண்டு கழியும் முன்னரே, 1898 ஜூன் மாதத்தில், பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் கராச்சியில் எளிய பரிசோதனை ஒன்றைச் செய்தார். பிளேக் கண்ட எலி ஒன்றைத் தெள்ளுப்பூச்சிகளோடு கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டார். அது சாகும் தறுவாயை அடைந்ததும், நோயற்ற எலி ஒன்றைக் கம்பி வலைக் கூண்டில் வைத்து அதே பாத்திரத்தினுள் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தீண்ட இயலாது. ஆயினும் தெள்ளுப்பூச்சி தாவ இயலும். சில நாட்களில் இரண்டாவது எலியும் பிளேக்கால் மடிந்தது. இருவரும் பூச்சியின் பங்கையே கண்டனர். ராஸுக்குப் புகழ் விரைவில் வந்தது. நல்லகுண்டாவிலுள்ள சர்க்கார் காய்ச்சல் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிமோனுக்கோ ஏளனமே முதலில் கிடைத்தது. 1905 முதல் பம்பாயில் பணியாற்றிய பிளேக் ஆராய்ச்சிக் குழுவினர் விரிவான சோதனைகள் நடத்திய பின்னரே அவர் கூற்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

எலித் தெள்ளுப்பூச்சிகள் அனைத்தும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. இந்தியாவில் மூன்று இனங்கள் முக்கியமானவை: கியோபிஸ், அஸ்தியா, பிரேசிலியென்சிஸ். இவற்றுள் பிளேக்கைப் பரப்புவதில் கொடியது கியோபிஸ். சூடான் நாட்டில் கிடைத்த பூச்சிகளைக் கொண்டு 1903 இல் அதனை வருணித்த சார்லஸ் ராத்ஸ்சைல்டு, எகிப்திய மன்னன் கியோப்ஸின் பெயரை அதற்குச் சூட்டினார். அவர் தொழிலால் வங்கியாளர். தெள்ளுப்பூச்சி ஆராய்ச்சி அவருடைய ஓய்வுநேர விருப்பம்! அஸ்தியா என்னும் இனத்தையும் 1911 இல் அவரே பிரித்துக் காட்டினார். உருப்பெருக்கியின்றி இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இந்த நுட்பமான பாகுபாட்டால் யாருக்கு என்ன பயன் என்று அந்நாளில் சிலர் எண்ணியிருக்கக்கூடும். பயன் கொழும்பில் விளங்கிற்று. அந்நகரின் நுண்கிருமி நிபுணராக இருந்த ஹெர்ஸ்டு, சென்னை நகரம் பிளேக்கிலிருந்து பெரும்பாலும் தப்பியிருந்ததற்கு அங்குள்ள எலிகளில் அஸ்தியா இனமே மிகுந்திருப்பதைக் காரணமாகக் காட்டினார். எனவே பூச்சிகள் எத்தனை என்பதோடு, எந்த இனம் என்பதும் கணக்கில் சேர வேண்டியதாயிற்று.

இக்கணக்கைத் தெள்ளுக் குறியீட்டெண் என்பர். பிடிபட்ட எலிகளிலிருந்து எடுத்த பூச்சிகளின் மொத்தத் தொகையை எலிகளின் தொகையால் வகுத்தால் கிடைப்பது பொதுக் குறியீட்டெண். கியோபிஸ் பூச்சிகளை மட்டும் எண்ணி வகுத்தால் கிடைப்பது கியோபிஸ் குறியீட்டெண். பின்னது 1க்கு மேல் உயர்ந்தால் அது எச்சரிக்கை என்று பொதுச் சுகாதார நூல்கள் கொள்ளுகின்றன. இவ்வெண்ணின் இயல்பை விளக்க, வகுப்பறையில் ஓர் எளிய கணக்கைப் போட்டுக் காட்டலாம். ஓர் ஊரில் 100 எலிகளும் அவற்றின் மேல் 200 பூச்சிகளும் இருப்பதாகக் கொள்வோம். குறியீட்டெண் 2. நஞ்சினாலோ நோயினாலோ 80 எலிகள் இறந்துவிட்டன. பூச்சிகளில் ஒன்றும் இறக்கவில்லை. மிஞ்சிய 20 எலிகளின் மேல் அந்த 200 பூச்சிகளும் ஏறினால் குறியீட்டெண் 10. எலி ஒழிப்பில் பெரும் வெற்றி என்று அறிக்கை எழுதப்படும் அதே வாரத்தில், பூச்சிக் கணக்கு ஐந்து மடங்காகிறது. மேலும் 20 எலிகள் அத்தனை பூச்சிகளுக்கும் இடங்கொடா. இரை கிட்டாத பூச்சி அருகிலுள்ள எந்தச் சூடான உடலையும் நாடும். மனிதன் காலும் அதில் அடக்கம்.

இதன் பின்னணியில் உடற்கூறு சார்ந்த ஒரு காரணமும் உண்டு. எலி இறந்து உடல் குளிரத் தொடங்கியதும் பூச்சிகள் அதைவிட்டு வெளியேறுகின்றன. அந்த எலி பிளேக்கால் இறந்ததாயின், பூச்சியின் வயிற்றில் கிருமிகள் சேர்ந்திருக்கும். 1914 இல் பேகாட், மார்ட்டின் ஆகிய இருவரும் கண்டறிந்தபடி, இக்கிருமிகள் பெருகிப் பூச்சியின் இரைப்பை வாயிலை அடைத்துவிடுகின்றன. உறிஞ்சிய இரத்தம் உள்ளே இறங்குவதில்லை. பசி தாளாத பூச்சி மீண்டும் மீண்டும் கடிக்கிறது. ஒவ்வொரு கடியிலும் அடைப்பில் மோதித் திரும்பும் இரத்தம் கிருமிகளோடு காயத்தில் கலக்கிறது.

இந்த அடைப்பு எல்லாப் பருவங்களிலும் நிலைப்பதில்லை. உஷ்ண நிலை ஏறத்தாழ 28 டிகிரிக்கு மேற்பட்டால் அது கரைந்துபோகும் என்று தெரியவந்துள்ளது. அத்துடன் காற்று வறண்டால் பூச்சியின் ஆயுளும் குறையும். முட்டைகள் எலியின் மயிரினின்றும் உதிர்ந்து வளைப் புழுதியில் விழுகின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் புழு, அழுக்கையும் முதிர்ந்த பூச்சிகள் கழித்த உலர்ந்த இரத்தத்தையும் தின்று வளர்ந்து, கூடு கட்டி, ஏற்ற நிலையில் சுமார் மூன்று வாரங்களில் பூச்சியாகிறது. வறட்சியைத் தாங்க வல்லதன்று அந்தப் புழு. தக்காணத்தில் பிளேக் மழைக்குப் பின்னும் குளிர்காலத்திலும் ஓங்கி, கோடையில் ஒடுங்கியதன் காரணம் இதுவே.

ஆனால் வயலில் வாழும் எலியின் நிலை வேறு. ஐதராபாத்தைச் சுற்றிய செம்மண் மேடுகளிலும் வரப்புகளிலும் வெள்ளெலி, கரம்பை எலி, புல்லெலி முதலியவை வாழ்கின்றன. நீண்ட வாலின் நுனியில் மயிர்க்குச்சம் உடைய வெள்ளெலி, இரவில் மட்டும் வெளிவரும் பிராணி. சித்திரை வெயிலில் மேல் மண் கொதிக்கும்போதும் அதன் வளையின் உட்புறம் குளிர்ந்து, ஈரம் பொதிந்து இருக்கும். வீட்டு எலியின் பூச்சிகள் கோடையில் அழியும் காலத்தில், வளைக்குள் இருக்கும் பூச்சிகள் பிழைத்திருப்பது இதனால்தான். ஆகவே கோடையில் பொறியில் அகப்பட்ட வெள்ளெலியின் உடலில் பூச்சி குறைவாகக் காணப்பட்டால், பூச்சி அழிந்தது என முடிவு கட்டுதல் தவறு. உடலில் இருப்பதைவிட வளையில் இருப்பது அதிகமாக இருக்கலாம். ஈரான் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த பல்தஸார், பஹ்மன்யார் ஆகியோர் உத்தரப் பிரதேசத்தில் ஆராய்ந்து 1960 இல் வெளியிட்ட முடிவுகளில், பிளேக் கிருமி வயல்வெளியில் தங்கியிருப்பதற்கு வெள்ளெலியே முக்கிய ஆதாரம் எனக் கூறினர். அறுவடை முடிந்து வயலில் தீனி அற்றபோதோ, மழைநீர் வளைகளை நிரப்பும்போதோ வயலெலிகள் ஊரோரத்தை நாடுகின்றன. அங்கே வீட்டு எலியின் வழித்தடத்தில் அவை கால்வைக்கின்றன. பூச்சிகள் இடம் மாறுவதற்கு அவ்வளவு போதும்.

இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று என்பதை 1994 ஆம் ஆண்டு காட்டிற்று. 1956 வரை ஐதராபாத் ராஜ்யத்தின் பகுதியாக இருந்து, பின்பு மகாராஷ்டிரத்தில் சேர்ந்த பீட் மாவட்டத்தில் மாமலா என்னும் சிற்றூர் உள்ளது. 1993 செப்டம்பர் 30 இல் அண்டை மாவட்டமான லாத்தூரைக் குலைத்த நிலநடுக்கத்திற்குப் பின், அப்பிரதேசத்தில் மக்கள் வீடுகளை விட்டு வெளியே வசித்ததும், பாழடைந்த வீடுகளில் தானியம் கிடந்ததும், எலிகள் பெருக இடமளித்தன என்று ஆராய்ந்தோர் கருதினர். 1994 ஆகஸ்டு மாதத்தில் மாமலாவில் எலிகள் செத்து விழுந்தன. தெள்ளுப்பூச்சிக் கடி தாளவில்லை என்று ஊரார் முறையிட்டனர். நெறிகட்டிக் காய்ச்சலில் விழுந்த நோயாளிகள் பின்னரே காணப்பட்டனர். செப்டம்பரில் சூரத் நகரில் நுரையீரல் பிளேக் என்ற பீதி எழுந்து, லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். அவ்வாண்டு நாடெங்கும் பதிவான மரணங்கள் 54. ஆய்வுக்கூடமோ உருப்பெருக்கியோ இல்லாத ஊராரே குறியீட்டெண்ணின் உயர்வைத் தங்கள் கால்களில் உணர்ந்து கூறினர் என்பதை ஊழியர்கள் மனத்திற் கொள்ளுதல் நலம். அத்தகைய முறையீடு வருமானால் எலி செத்திருக்கிறதா என்று உடனே விசாரிக்க வேண்டும். சுகாதாரத் துறைக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும்.

எலிகள் மட்டுமே இவ்வட்டத்தில் அடங்கும் என்பதும் சரியன்று. 2002 பிப்ரவரியில் ஹிமாசலப் பிரதேசத்தின் சிம்லா மாவட்டத்தில், நோயுற்றிருந்த காட்டுப் பூனை ஒன்றைக் கொன்று தோலுரித்த வேட்டைக்காரர் ஒருவரிடமிருந்து நுரையீரல் பிளேக் உறவினருக்கும் பிறருக்கும் பரவியது. நோயுற்ற 16 பேரில் நால்வர் இறந்தனர்.

பிளேக் ஐயம் உள்ள இடத்தில் ஒழிப்பு வேலையின் வரிசை முக்கியமானது. முதலில் பூச்சி, பிறகு எலி. வளை வாயிலிலும் எலி ஓடும் தடங்களிலும் பூச்சிக்கொல்லித் தூளைத் தூவி, பூச்சி குறைந்ததை எண்ணி உறுதிசெய்த பின்னரே நஞ்சுத் தீனி வைக்க வேண்டும். வரிசை மாறினால் மேலே சொன்ன 20 எலிக் கணக்கு மெய்யாகிவிடும். முன்னாளில் வளைகளில் செலுத்தப்பட்ட சயனைடுப் புகை எலியையும் பூச்சியையும் ஒருங்கே கொன்றது. ஆனால் அது ஊழியரின் உயிருக்கும் ஆபத்தானது. டி.டி.டி. தூள் வந்தபோது அது பெரும் வரமாகத் தோன்றிற்று. பூனா மாவட்டத்தில் கியோபிஸ் பூச்சிகள் அதற்கு மசியாமற்போன செய்தி 1960 இலேயே வெளியாயிற்று. ஆதலால் எந்தத் தூளைப் பயன்படுத்தினும், தூவுமுன் ஒரு முறையும் தூவியபின் ஒரு முறையும் எண்ணிப் பார்ப்பதே அதன் பயனை அறியும் வழி.

எண்ணும் முறை எளிது. ஆனால் பொறுமை வேண்டும். எலியை உயிருடன் பொறியில் பிடிக்க வேண்டும். செத்துக் கிடந்த எலியை எண்ணிப் பயனில்லை, பூச்சிகள் முன்னரே போயிருக்கும். பொறியைப் பிடித்த இடத்திலேயே வெள்ளைத் துணிப்பையில் இட்டுக் கட்டிவிட வேண்டும்; ஒரே பையில் இரண்டு எலிகளை இடலாகாது. கூடத்தில் மயக்க மருந்து கொடுத்து, வெள்ளைத் தட்டின் மேல் எலியை வைத்து, மயிரை எதிர்த்திசையில் சீவினால் பூச்சிகள் விழும். பையையும் உதறிப் பார்க்க வேண்டும். எலியின் இனம், பிடித்த இடம், மாதம் ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்காமல் வயலெலியையும் வீட்டெலியையும் ஒன்றாகச் சேர்த்து வகுத்தால் வரும் எண் ஒன்றுக்கும் உதவாது. இவ்வேலை பயிற்சியும் கையுறையும் உடைய ஊழியருக்கு உரியது. பள்ளி மாணவர்களைக் கொண்டு எலியைத் தொடச் செய்தல் கூடவே கூடாது. அவர்களுக்கு வளைகளை எண்ணும் வேலையும், மேலே கண்ட கணக்குமே போதும்.

கர்நாடகத்தின் கோலார், தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி, ஆந்திரத்தின் சித்தூர் ஆகிய மாவட்டங்கள் கூடும் பிரதேசத்தில் இவ்வெண்ணிக்கை பல்லாண்டுகளாகப் பெங்களூரிலுள்ள மத்தியப் பிளேக் கண்காணிப்புப் பிரிவால் எடுக்கப்பட்டு வந்திருக்கிறது. 1994 க்கு முன் இந்தியாவில் ஆய்வுக்கூடச் சோதனையால் உறுதியான கடைசிப் பிளேக் நோயாளி 1966 இல் அங்குள்ள முல்பாகல் பகுதியில்தான் காணப்பட்டார். நோயாளிகள் இல்லாத ஆண்டுகளிலும் அப்பகுதி வெள்ளெலிகளின் இரத்தத்தில் பிளேக் எதிர்ப்பொருள் காணப்பட்டதுண்டு. எலியைப் பிடிப்பது அரிதான ஊர்களில் நாய்களின் இரத்தம் சோதிக்கப்படுகிறது. நாய் பல எலிகளைத் தின்னும். பிளேக்கால் எளிதில் சாவதில்லை. அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். தெருவில் சுற்றும் ஒரு நாயின் சில சொட்டு இரத்தம், நூறு பொறிகள் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது.