வீடு தேடி வரும் பலசரக்கும் பாவனையாளரின் தெரிவுரிமையும்

வீட்டுக்குத் தேவையான அரிசி, பருப்பு, பால்மா, மரக்கறி முதலானவற்றைக் கையடக்கத் தொலைபேசியிலேயே தெரிவு செய்து, அவை வாசலுக்கு வந்து சேரக் காத்திருப்பது இன்று கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் சாதாரண வழக்கமாகிவிட்டது. தொழிலுக்குச் செல்லும் பெண்களுக்கும், நடமாட முடியாத முதியோருக்கும், கைக்குழந்தையுடன் தனித்திருக்கும் தாய்மாருக்கும் இது பெரும் வசதி என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், இந்த வசதிக்காக நாம் எதனைப் பிறர் கையில் ஒப்படைக்கின்றோம் என்பதையிட்டு எவரும் அதிகம் சிந்திப்பதாகத் தெரியவில்லை.

முன்னைய காலத்தில் பலசரக்குக் கடைக்குச் செல்பவர் எதனையும் தாமாக எடுப்பதில்லை. பட்டியலை நீட்டினால் கடைச் சிப்பந்தி ஒவ்வொன்றாக எடுத்து, நிறுத்து, பொதி செய்து கொடுப்பார். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1916 ஆம் ஆண்டு கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் ஆரம்பித்த பிக்லி விக்லி என்ற கடையே வாடிக்கையாளர் தாமே பொருளை எடுக்கும் முறையைப் பிரபலப்படுத்தியது. இலங்கையில் 1983 ஆம் ஆண்டு கொழும்பு ஸ்டேபிள் வீதியில் கார்கில்ஸ் நிறுவனம் திறந்த சுப்பர் மார்க்கெட்டுடன் இம்முறை பரவத் தொடங்கியது. தக்காளியைத் தொட்டுப் பார்த்து, மீனின் செவுளை விரித்துப் பார்த்து, பால்மாப் பொதியின் திகதியை வாசித்து எடுக்கும் உரிமை அப்போது நமக்குக் கிடைத்தது.

இணையவழிக் கொள்வனவு இந்த உரிமையை மீண்டும் சிப்பந்தியிடமே ஒப்படைக்கின்றது. ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. அன்றைய சிப்பந்தி நம் கண்முன்னே நின்று நிறுத்தவர். பழுதான கிழங்கைக் கண்டால் மாற்றித் தரும்படி அவ்விடத்திலேயே கேட்கலாம். இன்று நமது பட்டியலுக்குப் பொருள் எடுப்பவரை நாம் காண்பதில்லை. அவர் யார் என்பதையும் அறிவதில்லை.

இந்த முறை நேற்று முளைத்ததன்று. 1984 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேற்ஸ்ஹெட் நகரில் ஜேன் ஸ்னோபோல் என்ற 72 வயது மூதாட்டி தமது தொலைக்காட்சிப் பெட்டியின் மூலம் டெஸ்கோ நிறுவனத்திடம் முட்டையும் மாஜரீனும் கோர்ன்பிளேக்ஸும் கேட்டுப் பெற்றுக்கொண்டார். வெளியே செல்ல இயலாத முதியோருக்கு உதவும் நோக்கில் உள்ளூராட்சி நிர்வாகம் மேற்கொண்ட பரீட்சார்த்த முயற்சி அது. பின்னர் இணையத்தின் வருகையோடு இது பெரும் வர்த்தகமாயிற்று. அமெரிக்காவில் வெப்வான் என்ற நிறுவனம் கோடிக்கணக்கான டொலரைக் கொட்டி இயந்திரமயக் களஞ்சியங்களை அமைத்து 1999 இல் விநியோகத்தில் இறங்கி, 2001 இல் வங்குரோத்தடைந்தது. அதே காலத்தில் டெஸ்கோ, இருக்கின்ற கடைகளிலேயே ஊழியரைக் கொண்டு பொருட்களை எடுப்பித்து அனுப்பி நிலைத்து நின்றது.

இவ்விரண்டு அனுபவங்களும் உணர்த்தும் உண்மை ஒன்றே. ஒரு கிலோ பருப்பை ஒருவர் தட்டிலிருந்து எடுத்து, இன்னொருவர் ஒரு வீட்டு வாசல் வரை சுமந்து செல்லும் செலவு மிகப் பெரியது. முன்பு அந்த வேலையை வாடிக்கையாளராகிய நாமே ஊதியமின்றிச் செய்துவந்தோம். இப்போது அச்செலவை விநியோகக் கட்டணமாக நாம் செலுத்த வேண்டும். அல்லது பொருளின் விலையில் அது மறைந்திருக்க வேண்டும். அல்லது கடை தாங்க வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் விநியோகம் இலவசம் என்ற அறிவிப்பைக் காண்போர், தேவையற்ற பொருளையும் பட்டியலில் சேர்த்துவிடுவது இதன் விளைவேயாகும்.

நமது நாட்டில் இவ்வர்த்தகத்தின் ஆரம்பகால வாடிக்கையாளர்களில் கணிசமானோர் வெளிநாடு வாழ் இலங்கையர்களாவர். கப்ருக போன்ற தளங்கள், அங்கிருந்து பணம் செலுத்தி இங்குள்ள பெற்றோருக்குப் பொருள் அனுப்பும் வழியை 2000 களிலேயே திறந்தன. ஆயினும் உள்ளூர் மக்களை இதன்பால் பெருமளவில் தள்ளியது கொவிட் பெருந்தொற்றே. 2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடளாவிய ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தபோது, வீட்டு விநியோகமே உணவுக்கு வழியாயிற்று. வந்து குவிந்த கட்டளைகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் விநியோகச் சேவைகள் திணறின. இணைய வசதியும் கடனட்டையும் உள்ள வீடு ஒரு விதமாகவும், அவை இல்லாத வீடு வேறு விதமாகவும் அந்நாட்களைக் கழித்ததை நாம் மறந்துவிடலாகாது.

பிரச்சினைகள் எழும் இடங்களைச் சற்று நோக்குவோம். முதலாவது, மாற்றுப் பொருள். கேட்ட பொருள் கையிருப்பில் இல்லாவிடின் அதற்கு நிகரானதென ஊழியர் கருதும் வேறொன்று வந்து சேரக்கூடும். ஊழியரின் பார்வையில் இரண்டும் ஒன்றாக இருக்கலாம். ஆனால், ஹலால் சான்றிதழைப் பார்த்தே கோழி இறைச்சியும் சொசேஜஸும் வாங்கும் முஸ்லிம் குடும்பத்துக்கு அவை ஒன்றல்ல. விரத நாளில் முட்டை கலவாத பிஸ்கட்டைத் தேடும் சைவக் குடும்பத்துக்கும் அவ்வாறே. நிலக்கடலை ஒவ்வாமையுள்ள பிள்ளையின் தாய்க்கோ இது உயிர் சம்பந்தப்பட்ட விடயமாகும்.

ஹலால் இலச்சினை தொடர்பாக 2013 இல் எழுந்த கசப்பான சர்ச்சையையும், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அப்பணியிலிருந்து விலகிக்கொண்டதன் பின்னர் தனியான அங்கீகாரப் பேரவையொன்று அதனைப் பொறுப்பேற்றதையும் வாசகர்கள் அறிவர். அவ்வளவு இடர்பாடுகளைக் கடந்து பொதியின் மேல் நிலைத்திருக்கும் ஓர் அடையாளம், திரையில் பொதியின் முன்பக்கப் படம் மாத்திரமே காட்டப்படும்போது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகின்றது. உள்ளடக்கப் பட்டியலுக்கும் காலாவதித் திகதிக்கும் இதே கதிதான்.

இரண்டாவது, நிறை. மரக்கறியும் மீனும் கேட்ட நிறைக்குச் சரியாக அமைவதில்லை. நிறுத்த பின் தொகை கூடலாம், குறையலாம். முன்கூட்டியே பணம் செலுத்தியவருக்கு மிகுதி எப்போது, எவ்வாறு திருப்பித் தரப்படும் என்பது தெளிவாகச் சொல்லப்பட வேண்டும்.

மூன்றாவது, மொழி. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால், கொள்வனவுத் தளங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. மாற்றுப் பொருளை அனுப்பலாமா என்ற கேள்விக்கு, அதன் பொருள் விளங்காமலே சம்மதம் தெரிவிக்கும் முதியவரின் சம்மதத்தை உண்மையான சம்மதமெனக் கொள்ள முடியுமா? தமிழ் பேசும் மக்களின் பணத்தை ஏற்கும் நிறுவனம் அவர்களது மொழியில் ஒரு பக்கத்தைத் தயாரிப்பது பெரும் செலவன்று.

பாவனையாளருக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்பதற்கில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், கேட்டால் பற்றுச்சீட்டு வழங்க வர்த்தகர் கடமைப்பட்டவர். பழுதான பொருள் குறித்து விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிடலாம். அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இணையவழி ஒப்பந்தத்துக்குச் சட்ட வலு அளித்துள்ளது. எனினும், 2003 ஆம் ஆண்டின் சட்டம் கடைக்கு நேரில் செல்லும் மனிதரை மனதிற்கொண்டு ஆக்கப்பட்டது. திரையில் பொருள் வாங்குபவரின் தெரிவுரிமை அதில் தனியாகப் பேசப்பட வேண்டும். பொதியின் பின்பக்கப் படமும் உள்ளடக்கமும் காட்டப்படுவதும், வாடிக்கையாளரின் வெளிப்படையான அனுமதியின்றி மாற்றுப் பொருள் அனுப்பப்படாதிருப்பதும், வாசலிலேயே மறுக்கும் உரிமையும் கட்டாயமாக்கப்படுவது அவசியமாகும்.

அதுவரை பாவனையாளரும் விழிப்புடன் இருத்தல் நன்று. மாற்றுப் பொருள் வேண்டாம் என்பதை முதலிலேயே குறிப்பிடுதல், பொதியைப் பிரித்துத் திகதியையும் நிறையையும் பற்றுச்சீட்டுடன் ஒப்பிடுதல், குறையிருப்பின் உடனடியாகப் படம் எடுத்து அறிவித்தல் என்பன எளிய காரியங்களே. ஆனால், மழையிலும் வெயிலிலும் மோட்டார் சைக்கிளில் பொதி சுமந்து வரும் இளைஞரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. தவறு தட்டருகே நடந்தது. அவர் சுமந்து வந்தவர் மாத்திரமே.

மாதக் கடைசியில் கொப்பியில் கடன் எழுதிப் பொருள் கொடுக்கும் ஒழுங்கைக் கடையை எந்தத் திரையும் ஈடுசெய்துவிடாது. இந்த வீட்டில் என்ன சமைப்பார்கள், எதனைத் தொடமாட்டார்கள் என்பதை அக்கடைக்காரர் கேளாமலே அறிந்திருந்தார். பெருநிறுவனங்களிடம் அத்தகைய பரிச்சயத்தை எதிர்பார்க்க முடியாது. கேட்டறிந்து அனுப்பும் பொறுப்பையாவது அவை ஏற்க வேண்டும். அதனை உறுதிசெய்யும் கடமை அரசாங்கத்தையே சாரும்.