‘வலித்தது’ன்னு எழுதினா கேமராவை எங்க வைக்கிறது?

இந்த எபிசோட் என்னோட ஒரு சொதப்பல்ல இருந்து ஆரம்பிக்குது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சிறுகதை எழுதினேன். எங்க ஊர் சின்னசேலம். எங்ககிட்ட இருந்த ஒன்றரை ஏக்கர் மரவள்ளிக் காட்டை அப்பா கிரயம் பண்ணிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்த ராத்திரிதான் கதை. வித்தது என் இன்ஜினியரிங் ஃபீஸுக்கு. அதைப் பத்தி அப்பாவும் நானும் இன்னைக்கு வரைக்கும் நேரா பேசினது இல்லை. அதனாலதான் கதையா எழுதினேன்னு வச்சுக்கோங்க.

படிச்ச ஒரு நண்பன், சென்னையில அசிஸ்டென்ட் கேமராமேனா இருக்கான், “மச்சி, இதை ஷார்ட் ஃபிலிமா எடுக்கலாம், நீயே ஸ்கிரிப்ட் எழுதிக் குடு”ன்னான். எனக்கு ஒரே குஷி. தினமும் கோட் எழுதுறோம், டாக்குமெண்ட் எழுதுறோம், இந்த பாட்காஸ்டுக்கும் எழுதுறோம். பத்துப் பக்கம் என்ன பெரிய விஷயம்னு ஒரே சனி, ஞாயிறுல முடிச்சு அனுப்பிட்டேன்.

அவன் முதல் பக்கத்துல ஒரு வரியை மட்டும் வட்டம் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினான். ‘இருபது வருடம் உழைத்த மண்ணை இழந்த வலி அவர் நெஞ்சை அழுத்தியது.’ கீழே ஒரே ஒரு கேள்வி: “இதுக்கு கேமராவை எங்க வைக்கிறது?”

பதில் சொல்ல முடியலை. சிறுகதையில எனக்குப் பிடிச்ச வரியே அதுதான்.

கதை எழுதுறவருக்கு ஒரு வசதி இருக்கு. ஆளோட தலைக்குள்ள போய் உட்கார்ந்துக்கலாம். ‘இருபது வருடம்’னு ரெண்டு வார்த்தையில காலத்தைத் தாண்டலாம். ‘வலித்தது’ன்னு சொன்னா வாசகர் தன் வலியைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்பிக்குவார். திரைக்கதையில இது எதுவும் கிடையாது. கண்ணுக்குத் தெரியுறதும் காதுக்குக் கேட்குறதும் மட்டும்தான் தாள்ல இருக்கலாம். அதுவும் நிகழ்காலத்துல. ‘வருகிறார், உட்காருகிறார், தண்ணீர் குடிக்கிறார்.’ முதல் தடவை படிக்கும்போது வறட்சியா, ஏதோ போலீஸ் ரிப்போர்ட் மாதிரி இருக்கும்.

இன்னொன்னு, திரைக்கதையைப் படிக்கப்போறது ரசிகர் இல்லை. கேமராமேன், ஆர்ட் டைரக்டர், காஸ்ட்யூமர், நடிகர், காசு போடுறவர், இவங்கதான். ‘இரவு, வெளிப்புறம், மழை’ன்னு மூணு வார்த்தை எழுதினா ஒருத்தர் ஜெனரேட்டருக்கு சொல்லணும், இன்னொருத்தர் தண்ணி லாரிக்கு சொல்லணும். நாவல்ல மழை இலவசம். எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, இது ஸ்பெக். நாம எழுதுறது பொருள் இல்லை, பொருளைச் செய்யப்போறவங்களுக்கான குறிப்பு. இங்கிலீஷ் ஸ்கிரிப்ட் ஃபார்மட்ல ஒரு பக்கம் சுமாரா ஒரு நிமிஷம்னு கணக்கு வச்சிருக்கிறதும் இதுக்குத்தான்.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல் உண்டு. எழுதினதை யாரும் முதல்ல படிக்கிறதே இல்லை, கேட்கிறாங்க. புரொடியூசர் முன்னாடி உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் ‘கதை சொல்லணும்’. ஒன்லைன், சீன் ஆர்டர் எல்லாம் டிஸ்கஷன் ரூம்ல பேசிப் பேசித்தான் உருவாகுது. நல்லா எழுதத் தெரிஞ்சு, சொல்லத் தெரியாம நிக்கிறவங்க எத்தனையோ பேர். டைட்டில்ல ‘கதை, திரைக்கதை, வசனம்’னு மூணா பிரிச்சுப் போடுறோம் பாருங்க, மூணும் வேற வேற வேலைன்னு நம்ம சினிமாவுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு.

எங்க ஊர்ல இருந்து ஆத்தூர் வழியா பஸ் பிடிச்சா சேலம். அங்க டி.ஆர்.சுந்தரம் 1930கள்ல ஆரம்பிச்ச மாடர்ன் தியேட்டர்ஸ்ல இதுக்குன்னே ‘கதை இலாகா’ன்னு ஒன்னு இருந்தது. கலைஞர் கருணாநிதி அங்க எழுதின ‘மந்திரி குமாரி’ 1950ல வந்தது. ரெண்டு வருஷம் கழிச்சு ஏவி.எம்.ல எடுத்த ‘பராசக்தி’க்கும் அவர்தான் திரைக்கதை வசனம். ‘பராசக்தி’ முதல்ல மேடை நாடகம். மேடையில கடைசி வரிசைக்கும் கேட்கணும், அதனால பேச்சுதான் எல்லாமே. அந்த நீதிமன்றக் காட்சியில கேமரா பெரும்பாலும் பேசுறவரைப் பார்த்துக்கிட்டு நிக்குது. அது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். அந்தப் பேச்சை மனப்பாடம் பண்ணின ஒரு தலைமுறையே இருக்கு, எங்க தாத்தாவும் அதுல ஒருத்தர். ஆனா அந்தச் சீனைக் கண்ணை மூடிக்கிட்டும் கேட்கலாம்.

கண்ணை மூடினா ஒன்னுமே மிஞ்சாத சீன் வேணும்னா, மகேந்திரன்கிட்ட போகணும். அவருக்கு வசனம் வராதுன்னு நினைக்காதீங்க. 1974ல வந்த ‘தங்கப்பதக்கம்’ கதை வசனம் அவருடையது. சிவாஜி எப்படிப் பேசியிருப்பார்னு உங்களுக்கே தெரியும். அப்படி எழுதினவர்தான் 1979ல ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். வித்து புதுமைப்பித்தனோட ‘சிற்றன்னை’. புத்தகத்தையும் படத்தையும் அடுத்தடுத்து வச்சுப் பாருங்க, இது ‘தழுவல்’தானான்னு சந்தேகம் வரும். தாயில்லாத ரெண்டு குழந்தைகளைத்தான் அவர் முக்கியமா எடுத்துக்கிட்டார், சுத்தி இருக்கிற உலகத்தைப் புதுசா கட்டினார்.

கிளைமாக்ஸை யோசிங்க. ஊரே சேர்ந்து சுந்தரவடிவேலுவை ஆத்தங்கரைக்குக் கொண்டுவருது. அவர் சொல்றது கொஞ்சம்தான்: தன்னை மாதிரியே ஊரையும் மாத்திட்டேன், அதுதான் தான் செஞ்சதுலேயே பெரிய தப்புங்கிற மாதிரி. அப்புறம் தண்ணிக்குள்ள இறங்குறார். கரையில குழந்தைங்க. ஒரு நாவலாசிரியர் அந்த ஊர் ஜனங்களோட குற்ற உணர்ச்சிக்கே பத்துப் பக்கம் எழுதலாம். இங்க முகங்கள், தண்ணி, ரெண்டு பிள்ளைங்க, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ஐத் தேர்ந்தெடுக்கிறதுதான் திரைக்கதை எழுதுறவரோட வேலை. மீதி எல்லாத்தையும் அவர் தெரிஞ்சு வச்சிருக்கணும், ஆனா எழுதக்கூடாது.

நீளமும் ஒரு பிரச்சினை. கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950ல இருந்து மூணரை வருஷம் வாராவாரம் எழுதினார், அஞ்சு பாகம். வாசகர் மறந்துட்டா ஞாபகப்படுத்தலாம், நடுவுல கதையை நிறுத்தி வரலாறும் சொல்லலாம். 2022, 2023ல வந்த ரெண்டு படமும் சேர்த்து சுமார் அஞ்சரை மணி நேரம். தியேட்டர்ல யாரும் பக்கத்தைப் பின்னாடி திருப்ப முடியாது.

சரி, என் ஸ்கிரிப்டுக்கு வர்றேன். அந்த ‘வலி’ வரியை அடிச்சுட்டு, அப்பா கண் கலங்குறார்னு எழுதினேன். எங்கப்பா அழுது நான் பார்த்ததே இல்லை, பொய்யா இருந்தது. கட்டில்ல உட்கார்ந்து விட்டத்தைப் பார்க்கிறார்னு மாத்தினேன். அது நூறு படத்துல பார்த்த அப்பா. இப்படியே மூணு வாரம். அப்புறம்தான் உறைச்சது: அந்த ராத்திரி அவர் என்ன பண்ணினார்னு எனக்குத் தெரியவே தெரியாது. நான் உள்ளே கவுன்சிலிங் பேப்பரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். சிறுகதையில அந்த இடத்தை அழகான வார்த்தைகளை வச்சு மூடிட்டேன், யாருக்கும் தெரியலை. ஸ்கிரிப்ட்ல மூட முடியலை.

அம்மாவுக்கு போன் பண்ணிக் கேட்டேன்.

“என்ன பண்ணுவாரு? வந்தாரு. களைக்கொத்தைக் கழுவி, துடைச்சு, எப்பவும் வைக்கிற மூலையில வெச்சாரு. சோறு போடவான்னேன், போடுன்னாரு. ஏன்டா, இப்ப எதுக்கு அதெல்லாம்?”

காட்டை வித்துட்டு வந்த மனுஷன் எதுக்கு அதைக் கழுவி வைக்கணும்? அம்மா சொன்னதை அப்படியே எழுதினேன். ‘கழுவுகிறார். துடைக்கிறார். மூலையில் வைக்கிறார்.’ ஒரு பக்கம்கூட வரலை. நண்பன்கிட்ட இருந்து கேமரா பத்தி கேள்வி எதுவும் வரலை, “வாசல்ல பல்பு இருக்கா?”ன்னு மட்டும் கேட்டான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அந்தப் பக்கத்தை அப்பாகிட்ட நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டு நிதானமா படிச்சார். ரெண்டு தடவை படிச்சார்னு நினைக்கிறேன்.

“களைக்கொத்து இல்லப்பா, மம்முட்டி”ன்னார். “வெளிய இருக்கு, எடுத்துட்டு வரவா?”

அடுத்த மாசம் ஷூட்டிங். அதே மம்முட்டிதான்.