தேருக்கு அடியில் நியூட்டன்

குனிந்து வாருங்கள், தலையில் இடித்துக்கொள்ளப் போகிறீர்கள்! திருவாரூர் ஆழித்தேரை ஊரே அண்ணாந்து பார்க்கும். நமக்கோ அதன் அடிவயிற்றில் நுழையும் யோகம். மேலே மூங்கிலும் பனஞ்சப்பையும் தேர்ச்சீலையுமாக 96 அடி எழும்பி நிற்கிறது. கீழே கிரீஸ் டப்பா, பிய்ந்த கயிற்றுத் துண்டுகள், யாரோ ஓரத்தில் பத்திரமாகக் கழற்றி வைத்த செருப்பு. அச்சின்மேல் ஒருவர் துண்டைக் காயப்போட்டிருக்கிறார். அலங்காரம் முடிந்தால் சுமார் 300 டன் என்று சொல்லப்படும் பாரம் நம் உச்சந்தலைக்கு மேல்! பள்ளிக்கூட அலகில் ஏறக்குறைய 30 லட்சம் நியூட்டன். எனக்குக் கொஞ்சம் வியர்த்தது, வெயிலால் மட்டுமல்ல.

பக்கத்திலேயே முட்டுக்கட்டைக் குவியல். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் சரிந்து இறங்கும் மரத்துண்டுகள். நரைமீசைப் பெரியவர் ஒருவர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருக்கிறார்.

“என்ன மரம்ணே?”

“புளி. வைரம் பாஞ்சது. வேற கட்டைய வச்சா அப்பளமா நொறுங்கிடும் தம்பி.”

சக்கரங்களும் அச்சும் இரும்பு, ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. எல்லாம் திருச்சி பெல் நிறுவனம் செய்து தந்தவை. அப்புறம் கட்டை எதற்கு என்று கேட்டேன். பெரியவர் பதில் சொல்லவில்லை, சிரித்தார். நாளைக்குப் பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

மறுநாள். “ஆரூரா! தியாகேசா!” வடங்கள் நான்கும் விறைத்துவிட்டன. பின்னால் புல்டோசர்கள் உறுமித் தள்ளுகின்றன. தேர் அசைந்தால்தானே! பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள். நின்றது நின்றபடியே இருக்கப் பார்க்கும் என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்த நிலைமம், கீழவீதியில் உயிரோடு நிற்கிறது. அச்சின் உராய்வும் அதற்குத் துணை. திடீரென்று ஒரு ‘க்றீச்’. உருண்டது! அதன்பின் அத்தனை முக்கல் தேவையில்லை. எனக்கு முன்னால் வடம் பிடித்திருந்தவருக்கு இப்போதுதான் நெற்றியைத் துடைக்கவே கை கிடைத்தது.

கோபுர உயரத்துக்கு அண்ணாந்து பார்க்காமல் ஒரு நிமிடம் இழுப்பவர்களின் கால்களைப் பாருங்கள். வேடிக்கை அங்கேதான். கட்டைவிரலை ஊன்றி அவர்கள் ரோட்டைப் பின்னால் தள்ளுகிறார்கள். ரோடு அவர்களை முன்னால் தள்ளுகிறது. மூன்றாம் விதி. கால் சுடுமே என்ற இரக்கத்தில் ஒரு பாட்டி வாசலிலிருந்து குடத்தோடு வந்துவிட்டார். வடத்திலிருந்து அலறல்: “ஆத்தா, தலையில வேணா ஊத்து, தரையில ஊத்தாத, வழுக்கும்!” பாட்டி யோசிக்கவேயில்லை. குடம் மொத்தமும் அலறியவர் தலையில்.

சரி, உருள்கிறது. நிற்பது எப்படி? தேர் நொடிக்கு 30 சென்டிமீட்டர்தான் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே உந்தம் 1 டன் காருக்கு வரவேண்டுமானால் கார் மணிக்கு 324 கிலோமீட்டர் வேகத்தில் பறக்க வேண்டும்! இந்தப் பூதத்தின் சக்கரத்துக்கு முன்னால் போய், நம் பெரியவரின் ஆட்கள் கட்டையைச் செருகிவிட்டுத் துள்ளி விலகுகிறார்கள். பார்க்கிற நமக்குத்தான் வயிறு கலங்குகிறது. கட்டை மாட்டியதும் உருள்வது போய்த் தேய்ப்பு வந்துவிடும். மரம் தரையில் அரைபடுகிறது, தும்பு தும்பாகச் சிதறுகிறது, கருகல் வாடை மூக்கில் ஏறுகிறது. இடது சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால் இடப்பக்கம் பின்தங்கும், வலப்பக்கம் முந்தும், தேர் இடப்பக்கம் முகம் திருப்பும். ஸ்டியரிங்கும் அதுதான். பெரியவர் நேற்று ஏன் சிரித்தார் என்று இப்போது தெரிகிறது. விசில் சத்தத்துக்குக் காது, சக்கரத்துக்குக் கண், அவர்களுக்கு வேறெதுவும் இல்லை. கைதட்டல் எல்லாம் மேலே இருக்கும் சாமிக்கு.

வீதி முனை வந்ததும் கதை தலைகீழ். இவ்வளவு நேரம் கூலிக்கு அழைத்த உராய்வை இப்போது விரட்ட வேண்டும். சக்கரங்களுக்கு அடியில் இரும்புத் தகடுகளைப் போடுகிறார்கள், அவற்றின்மேல் வாரி வாரி மசகு. முழங்கைவரை கறுத்துப்போன பாலிடெக்னிக் பையன் ஒருவன் மூக்கைச் சொறிய வழியில்லாமல் தோளில் தேய்த்துக்கொள்கிறான். புல்டோசர் இடிக்க, வடம் ஒரு பக்கமாக இழுக்க, தகட்டின்மேல் சக்கரம் உருளாமல் வழுக்கித் திரும்புகிறது. அங்குலம் அங்குலமாக! முனைக்கு முனை இதே கூத்து. நேரம் போவதெல்லாம் இங்கேதான். கூட்டம் பொரிகடலைக்கு ஒதுங்குவதும் இப்போதுதான். ஒதுங்காதீர்கள், இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

திரும்பி முடிந்தது. யாரோ நீர்மோர்ச் சொம்பை நீட்ட, பாலிடெக்னிக் பையன் இரு கையாலும் வாங்கினான். சொம்பு நழுவி, மோர் பாதி பெரியவர் வேட்டியில். “என்னடா பிடிக்கிற நீ?”

“உராய்வு இல்ல மாமா!”

“அப்ப இந்தா,” என்று அவன் கையில் ஒரு முட்டுக்கட்டையைத் திணித்துவிட்டு நடந்தார் பெரியவர். விசில் ஊதியாகிவிட்டது. விலகுங்கள், விலகுங்கள், சக்கரம் கிளம்புகிறது!