ஐந்து லட்சம் பேருக்கு ஒரு எம்.எல்.ஏ.!

போன வருடம் செப்டம்பரில் அம்மா அருப்புக்கோட்டையிலிருந்து எங்களோடு தங்க வந்திருந்தார். கலிபோர்னியாவின் பே ஏரியாவில்தான் எங்கள் வீடு. மகளைப் பள்ளியில் விட, ஆறு வழி மாநில நெடுஞ்சாலை ஒன்றைக் கடக்க வேண்டும். நடப்பவர்களுக்கான விளக்கு 20 நொடியில் மாறிவிடும். முழங்கால் வலிக்காரரான அம்மா ஒருநாள் பாதிச் சாலையில் மாட்டிக்கொண்டார். பேத்தியின் கையைப் பிடித்தபடி, இரண்டு பக்கமும் கார்கள் பறக்க, நடுத்திட்டில் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "ஏம்ப்பா, இந்த ஊரு எம்.எல்.ஏ.கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். எம்.எல்.ஏ. யாரென்றே எனக்குத் தெரியாது! கூகுளில் தேடி மின்னஞ்சல் அனுப்பினேன். "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று தானியங்கி பதில் வந்தது. மூன்று வாரம் கழித்துப் போன் செய்தேன். எடுத்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். புகாரைப் பதிவு செய்தார். வேறு எதுவும் நடக்கவில்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

கலிபோர்னியா சட்டமன்றத்தின் கீழவையில் 80 பேர், மேலவையில் 40 பேர். 1879-ல் எழுதிய அரசியல் சாசனத்தில் இருந்த அதே எண்ணிக்கைதான் இன்றும். 1880 கணக்கெடுப்பில் இந்த மாநில மக்கள்தொகை சுமார் 8 லட்சத்து 65 ஆயிரம். அதாவது கீழவை உறுப்பினர் ஒருவருக்குச் சுமார் 11 ஆயிரம் பேர். 2020-ல் மக்கள்தொகை 3 கோடியே 95 லட்சம். இன்று ஒருவருக்குச் சுமார் 4 லட்சத்து 94 ஆயிரம் பேர். மேலவை உறுப்பினருக்கோ சுமார் 9 லட்சத்து 88 ஆயிரம். வாஷிங்டன் போகும் கலிபோர்னியா எம்.பி.க்கே சுமார் 7 லட்சத்து 60 ஆயிரம் பேர்தான்!

எங்கள் வேலையில், பயனாளர்கள் 45 மடங்கு கூடிய பிறகும் அதே 80 சர்வரை வைத்து ஓட்டினால், ஒரே நாளில் மேனேஜர் கூப்பிட்டு விசாரிப்பார். சட்டமன்றத்தை யார் விசாரிப்பது?

தொகுதி சமமாகப் பிரிவதே இங்கு பெரிய போராட்டத்துக்குப் பிறகு வந்ததுதான். 1960-களின் தொடக்கம் வரை மேலவையில் எந்த மாவட்டத்துக்கும் ஒரு இடத்துக்கு மேல் கிடையாது. 60 லட்சம் பேர் வாழ்ந்த லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்துக்கு ஒரு உறுப்பினர். மலைப்பகுதியில் சுமார் 14 ஆயிரம் பேருக்கும் ஒரு உறுப்பினர். 1964-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டமன்றங்களின் இரு அவைகளிலும் தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதை எழுதிய தலைமை நீதிபதி ஏர்ல் வாரன், கலிபோர்னியா கவர்னராக இருந்தபோது பழைய முறையை ஆதரித்தவர். தன் கருத்தை மாற்றிக்கொள்ள அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

2008-ல் மக்கள் வாக்களித்ததால், சட்டமன்றத் தொகுதி எல்லை வரையும் வேலை அரசியல்வாதிகள் கையிலிருந்து குடிமக்கள் ஆணையத்துக்குப் போனது. நல்ல மாற்றம்தான். ஆனால் 120 என்ற மொத்த எண்ணிக்கையை யாரும் தொடவில்லை.

அதிக உறுப்பினர் என்றால் அதிகச் செலவு என்பார்கள். இல்லினாய் மாநிலம் 1980-ல் இதே கோபத்தில் கீழவையை 177-லிருந்து 118 ஆகக் குறைத்தது. ஆனால் கலிபோர்னியாவின் ஆண்டு பட்ஜெட் சுமார் 30 ஆயிரம் கோடி டாலர். கீழவையில் இன்னும் 80 பேரைச் சேர்த்து, ஊழியர்களோடு ஆளுக்கு 20 லட்சம் டாலர் செலவு என்றே வைத்துக்கொண்டாலும் 16 கோடி டாலர். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதற்காக அளவில்லாமல் பெருக்கவும் கூடாது. சுமார் 14 லட்சம் பேர் வாழும் நியூ ஹாம்ப்ஷயரில் கீழவைக்கு 400 பேர்! சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர். வேலையை விட்டுவிட்டு யாரால் போய் உட்கார முடியும்? ஓய்வு பெற்றவர்களுக்கும் வசதி உள்ளவர்களுக்கும்தான் அது சாத்தியம். என் கணக்கில் கலிபோர்னியாவுக்கு 160 பேர் கொண்ட கீழவை சரியாக இருக்கும். அப்போது ஒருவருக்குச் சுமார் இரண்டரை லட்சம் பேர்.

நம்ம ஊர்க் கதை என்ன? தமிழ்நாட்டில் 1967 முதல் 234 தொகுதிகள். 2011 கணக்குப்படி தொகுதிக்குச் சராசரியாகச் சுமார் 3 லட்சம் பேர். 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை இந்த எண்ணிக்கையை சாசனத் திருத்தம் நிறுத்தி வைத்திருக்கிறது. மக்களவை இடங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். சட்டமன்ற இடங்களைப் பற்றியும் பேச வேண்டும். காதுகுத்துக்கும் துக்கவீட்டுக்கும் எம்.எல்.ஏ. வந்துபோவதை நாம் கேலி செய்கிறோம். ஆனால் அம்மாவின் கேள்வி பிறந்தது அந்தப் பழக்கத்திலிருந்துதான்.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்துகிறது. இங்கே தொகுதி பிரிக்கும்போது வாக்காளர்களை மட்டும் எண்ணுவதில்லை. குழந்தைகள், விசாவில் இருப்பவர்கள் என்று அங்கே வாழும் எல்லோரையும் எண்ணுகிறார்கள். அப்படி எண்ணுவது செல்லும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆக, அந்த 4 லட்சத்து 94 ஆயிரத்தில் நானும் ஒருவன். ஆனால் கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் எனக்கு ஓட்டு கிடையாது. சாசனத்தைத் திருத்தி இடங்களைக் கூட்ட மக்கள் வாக்கெடுப்பு வந்தாலும் நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

இருந்தாலும், போனை எடுத்த அந்த இளைஞர் என்னிடம் "உங்களுக்கு ஓட்டு இருக்கா?" என்று கேட்கவில்லை. "எங்கள் தொகுதியில் குடியிருக்கிறீர்களா?" என்றுதான் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அவர் மேசையில் இருக்கும் குவியல் பாதியாகக் குறைந்தால், அம்மா அடுத்த முறை வருவதற்குள் அந்த விளக்கு இன்னும் பத்து நொடி எரியலாம்.

இங்கே குடியுரிமை பெற்ற தமிழர்களே, உங்களுக்கு ஓட்டு இருக்கிறது. முதலில் உங்கள் தொகுதி உறுப்பினர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து இந்தக் கணக்கை அவரிடம் கேளுங்கள்.