முகூர்த்த நாள் மோதாமலிருக்க: போட்டோ ஸ்டுடியோவுக்கு மென்பொருள் தேவையா?

திண்டுக்கல், நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம் என்று இந்தச் சமவெளி முழுவதும் கல்யாணங்கள் ஒரே நாட்களில்தான் குவிகின்றன. ஆடியும் மார்கழியும் ஒதுங்கிவிடும். புரட்டாசியில் பலர் தேதி வைப்பதில்லை. மிச்சமுள்ள மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தம், நட்சத்திரப் பொருத்தம், மண்டபம் கிடைக்கும் நாள் என்று வடிகட்டினால், கல்யாண போட்டோகிராஃபருக்கு முழு வருமானம் தரும் நாட்கள் கொஞ்சம்தான். அதில் ஒரு தேதியை இரண்டு வீட்டாருக்குக் கொடுத்துவிட்டால் ஒரு வீட்டில் பகை, ஊர் முழுக்கக் கெட்ட பேர்.

இந்தத் தேதிகள் எங்கே எழுதப்படுகின்றன? பெரும்பாலான ஸ்டுடியோக்களில் மேஜை டிராயரில் இருக்கும் டைரியில். ஆனால் ஆர்டர் இப்போது மேஜைக்கு வருவதில்லை. பைக்கில் போகும்போது போனில் வருகிறது, வாட்ஸ்அப்பில் வருகிறது, வேறொரு கல்யாணப் பந்தியில் கேமராவோடு நிற்கும்போது யாரோ ஓர் உறவினர் வந்து கேட்கிறார். ஸ்டுடியோவுக்குத் திரும்பி டைரியைத் திறப்பதற்குள், கடையிலிருக்கும் தம்பி அதே தேதிக்கு அட்வான்ஸ் வாங்கியிருப்பார். போட்டோகிராஃபர்களுக்கான தொழில் மேலாண்மை மென்பொருள் தீர்க்க வரும் முதல் சிக்கல் இதுதான்.

ஓர் ஆர்டரின் நீளம்

வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கல்யாண போட்டோகிராஃபி என்பது ஒரு மாலை, ஒரு காலை வேலை. ஸ்டுடியோக்காரருக்கு அது பல மாதங்கள் நீளும் ஒரு கணக்கு. விலை கேட்டு வருவது, கொட்டேஷன், அட்வான்ஸ், ப்ரீ வெட்டிங் அவுட்டோர், வரவேற்பு, முகூர்த்தம், மெமரி கார்டிலிருந்து படங்களை இறக்குவது, வீட்டார் செலக்‌ஷன், ஆல்பம் டிசைன், கரெக்‌ஷன், லேப், வீடியோ மிக்ஸிங், டெலிவரி, கடைசியாக மீதிப் பணம். இந்த வரிசையில் அதிகம் தேங்கும் இடம் செலக்‌ஷன். நூற்றைம்பது படம் தேர்ந்தெடுக்க வேண்டிய வீட்டில் மாப்பிள்ளை வெளியூருக்கு வேலைக்குப் போயிருப்பார், பெண் முடிவெடுக்கத் தயங்குவார். செலக்‌ஷன் தள்ளினால் ஆல்பம் தள்ளும். ஆல்பம் தள்ளினால் மீதிப் பணமும் தள்ளும்.

ஓர் எடுத்துக்காட்டாக 1,20,000 ரூபாய் ஆர்டரை எடுத்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் 20,000, விசேஷத்தன்று 60,000, ஆல்பம் கொடுக்கும்போது 40,000 என்று பேச்சு. செகண்ட் கேமரா, வீடியோ, ட்ரோன், வண்டி, லேப் எல்லாவற்றுக்கும் கொடுத்தபின் லாபமாக நிற்பது பெரும்பாலும் அந்தக் கடைசித் தவணைதான். ஒரு சீசனில் பத்து வீட்டார் செலக்‌ஷனைத் தள்ளிப்போட்டால் நான்கு லட்சம் ரூபாய் வெளியில் நிற்கும். கேமரா தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்துவிடும்.

மென்பொருள் உள்ளே என்ன இருக்கிறது

இத்தகைய மென்பொருளை நான்கு வேலைகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது காலண்டர்: எந்தத் தேதிக்கு எந்த ஆர்டர், யார் போகிறார்கள் என்பதை எல்லோருடைய போனிலும் ஒரே நேரத்தில் காட்டும். இரண்டாவது வாடிக்கையாளர் பதிவு: விலை கேட்டவர், அட்வான்ஸ் கொடுத்தவர், ஆல்பத்துக்குக் காத்திருப்பவர் என்று ஒவ்வொருவரும் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பது பார்த்தவுடன் தெரியும். மூன்றாவது கொட்டேஷன், ஒப்பந்தம், பில், தவணை நினைவூட்டல். நான்காவது படங்களை வீட்டாருக்கு லிங்க்காக அனுப்பி, அவர்கள் அங்கேயே தேர்வு செய்ய வைக்கும் கேலரி.

உலகச் சந்தையில் இதற்கென்றே பல பெயர்கள் உண்டு. 2013-ல் தொடங்கிய ஹனிபுக், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து வந்த ஸ்டுடியோ நின்ஜா, கேலரிக்குப் பெயர்பெற்ற கனடாவின் பிக்ஸிசெட் ஆகியவை தெரிந்த பெயர்கள். விருந்தினர் ஒரு செல்ஃபி எடுத்தால் ஆயிரக்கணக்கான படங்களில் அவர் முகம் இருக்கும் படங்களை மட்டும் எடுத்துக்கொடுக்கும் க்விக்பிக் போன்ற இந்தியச் செயலிகளும் கல்யாண மண்டபங்களுக்கு வந்துவிட்டன.

நம் ஊர் நடைமுறையில் இடிக்கும் இடங்கள்

வெளிநாட்டு மென்பொருளை அப்படியே வாங்கி வைத்தால் நம் ஊர் வேலைக்குப் பொருந்தாது. ஹனிபுக் அமெரிக்கா, கனடா தொழில்களுக்கென்றே நடத்தப்படுகிறது. மற்றவற்றில் கணக்குத் திறக்கலாம், ஆனால் மாதக் கட்டணம் பெரும்பாலும் டாலரில். அதைவிடப் பெரிய இடைஞ்சல், அவை பெரும்பாலும் ஒரு கல்யாணத்துக்கு ஒரு முக்கியத் தேதி என்று நினைத்து அமைக்கப்பட்டவை.

நம் கல்யாணம் இரண்டு தேதிகளில் நடக்கிறது. புதன் மாலை வரவேற்பு, வியாழன் விடியற்காலை முகூர்த்தம். வியாழன் என்று மட்டும் பதிந்தால் புதன் மாலை காலியாகக் காட்டும். இரண்டு நாளையும் முழுதாக அடைத்துவிட்டால், புதன் காலை சின்னாளபட்டியில் எடுக்க முடிந்த ஒரு காதுகுத்து ஆர்டர் கைவிட்டுப் போகும். ஆகவே காலை, மாலை என்று நாளை இரண்டாகப் பிரித்துப் பதியும் வசதி இருக்கிறதா என்பதுதான் இங்கே வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அடுத்தது பணம். 2016-ல் யுபிஐ வந்தபின் அட்வான்ஸ் பெரும்பாலும் போன் வழியாகவே வருகிறது. ஆனால் அட்வான்ஸ் மாப்பிள்ளையின் தாய்மாமன் எண்ணிலிருந்து வரும். இரண்டாம் தவணை பெண்ணின் அண்ணன் எண்ணிலிருந்து வரும். மீதியை அப்பா கையில் ரொக்கமாகக் கொடுப்பார். மூன்றும் ஒரே ஆர்டரின் பணம் என்று வங்கிக் கணக்குக்குத் தெரியாது. வரவு வந்த அன்றே ஆர்டர் எண்ணின் கீழ் பதிந்தால் மட்டுமே ‘நாங்கதான் முழுசாக் கொடுத்துட்டோமே’ என்ற பேச்சுக்கு மரியாதையாகப் பதில் சொல்ல முடியும்.

மொழியும் கவனிக்க வேண்டியது. மென்பொருள் தானாக அனுப்பும் ஆங்கில நினைவூட்டல், பெண் வீட்டுப் பெரியவருக்குக் கடன் நோட்டீஸ் மாதிரித் தெரியும். அதே செய்தியை ‘வணக்கம் ஐயா. ஆல்பத்துக்கு 150 படம் தேர்வு செய்யணும், லிங்க் கீழே இருக்கு. 25-ஆம் தேதிக்குள் முடித்துக் கொடுத்தால் தை கடைசிக்குள் ஆல்பம் உங்கள் கைக்கு வந்துவிடும்’ என்று ஒரு முறை தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் எல்லா வீட்டுக்கும் அதையே அனுப்பலாம். 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலேயே இப்படி முன்கூட்டி எழுதிவைக்கும் வசதியும், ‘அட்வான்ஸ் வந்தது’, ‘செலக்‌ஷன் பாக்கி’ என்று வாடிக்கையாளர்களுக்கு லேபிள் ஒட்டும் வசதியும் உண்டு. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

கையெழுத்து ஏன் வேண்டும்

வாய்ப்பேச்சில் ஆர்டர் எடுப்பது இங்கே பழகிப்போன வழக்கம். நம்பிக்கையால் நடக்கும் தொழில் இது, அந்த நம்பிக்கை பெரிது. ஆனாலும் ஒரு பக்க ஒப்பந்தம் இரு தரப்பையும் காக்கும். எத்தனை கேமரா, எத்தனை மணி நேரம், ஆல்பத்தில் எத்தனை ஷீட், எத்தனை முறை கரெக்‌ஷன், தேதி மாறினால் அட்வான்ஸ் என்னவாகும் என்று எழுதிவிட்டால் பாதிச் சண்டை வராது. படமோ வீடியோவோ சரியாகக் கொடுக்கப்படாத கல்யாண வழக்குகளில் நுகர்வோர் ஆணையங்கள் இழப்பீடு வழங்க உத்தரவிட்டிருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

பலருக்குத் தெரியாத ஒரு சட்ட விவரமும் இதில் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அந்த வாடிக்கையாளரே முதல் உரிமையாளர். ஸ்டுடியோ தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அந்தக் கல்யாணப் படத்தைப் போட வேண்டுமானால் அதற்கான சம்மதம் எழுத்தில் இருப்பது நல்லது. மஞ்சள் நீராட்டு விழாவில் எடுக்கும் பெண் குழந்தைகளின் படங்களுக்கு இது கட்டாயம் என்றே கொள்ள வேண்டும். மென்பொருளில் வரும் ஒப்பந்தப் படிவத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்து, போனிலேயே ஒப்புதல் வாங்கலாம். மின்னணு வழியில் செய்த ஒப்பந்தம் என்பதாலேயே அது செல்லாததாகிவிடாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது.

ஜிஎஸ்டி கணக்கு

தமிழ்நாட்டில் சேவைத் தொழிலின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். போட்டோகிராஃபி சேவைக்கு வரி 18 சதவீதம். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்கும் சேவைத் தொழில்களுக்கு 2019 ஏப்ரல் முதல் 6 சதவீத இணக்கத் திட்டமும் உண்டு. அதில் சேர்ந்தவர் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்க முடியாது. எது தமக்கு லாபம் என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

இதில் கவனிக்க வேண்டியது அட்வான்ஸ். சேவையைப் பொறுத்தவரை பில் போடும் வரை காத்திருக்காமல், அட்வான்ஸ் வாங்கும்போதே அந்தத் தொகைக்கு வரிப் பொறுப்பு வந்துவிடுகிறது. அதற்கு ரசீது கொடுக்க வேண்டும். வைகாசிக் கல்யாணத்துக்குத் தை மாதம் வாங்கிய 20,000 ரூபாய் டைரியின் ஓரத்தில் மட்டும் இருந்தால், மாதக் கணக்கில் அது விட்டுப்போகும்.

பில்லுக்கும் வரிக்கும் நம் ஊர்க் கணக்கு மென்பொருளே போதும். 1996-ல் தொடங்கி, தென்காசி அருகே மத்தளம்பாறையிலிருந்தும் இயங்கிவரும் ஜோஹோ நிறுவனத்தின் ஜோஹோ புக்ஸ், ஜிஎஸ்டிக்கு ஏற்ற பில் போடும். அதே நிறுவனத்தின் ஜோஹோ இன்வாய்ஸ் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இவை போட்டோகிராஃபருக்கென்றே செய்தவை இல்லை. கேலரியும் செலக்‌ஷனும் இவற்றில் கிடையாது. ஆனால் கொட்டேஷன், தவணை, பாக்கிப் பட்டியல் மூன்றும் ஒழுங்காக வரும்.

படங்கள் எங்கே இருக்கின்றன

மேலாண்மை மென்பொருள் வாங்கிவிட்டால் படங்களும் பத்திரமாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். இரண்டு கேமரா நான்கு மணி நேரம் ஓடினால் 360 ஜிபி. இதை எந்தச் செயலியும் சும்மா வைத்துக்கொள்ளாது. 2021 ஜூன் 1-ஆம் தேதி கூகுள் போட்டோஸ் தன் வரம்பில்லாத இலவச இடத்தை நிறுத்தியது நினைவிருக்கலாம்.

அமெரிக்க போட்டோகிராஃபர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 முறை இன்றும் பாதுகாப்பானது: மூன்று பிரதிகள், இரண்டு வகை சேமிப்பில், ஒன்று வேறு இடத்தில். மென்பொருளில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ‘ஹார்டு டிஸ்க் எண்’ என்று ஒரு கட்டம் சேர்த்தால், மூன்று வருடம் கழித்து இறந்துபோன தாத்தாவின் படத்தைக் கேட்டு வரும் வீட்டாருக்கு ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கலாம்.

ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்கள் இதைத்தான் கையால் செய்தன. நெகட்டிவ் உறையில் ஒரு எண், பில்லில் அதே எண், பதிவேட்டில் பெயரும் தேதியும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டமும் இணைந்து, மானிடவியலாளர் ஜோய் ஹெட்லி முன்னின்று, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் செய்தார்கள். 1880 முதல் 1980 வரையிலான படங்கள் அதில் அடக்கம். பதிவேடு தொலைந்துவிட்டால் அப்படிப்பட்ட படத்தில் நிற்கும் குடும்பம் எது, எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லை. ஸ்டுடியோ பதிவு என்பது கடையின் கணக்கு மட்டுமில்லை, ஓர் ஊரின் நினைவும் அதில் இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றப் போனால் பாதியில் நின்றுவிடும். முதலில் காலண்டர் மட்டும். கூகுள் காலண்டரைக் கடையிலிருப்பவர், செகண்ட் கேமரா, எடிட்டர் எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டு, அதில் ஏறாத தேதிக்கு அட்வான்ஸ் வாங்குவதில்லை என்று ஒரு விதி வைத்தாலே தேதி மோதல் நின்றுவிடும். அடுத்தது ஒரு ஷீட்: ஆர்டர் எண், பெயர், மொத்தம், வந்த தொகை, பாக்கி, செலக்‌ஷன் நிலை, ஹார்டு டிஸ்க் எண். ஆண்டுக்கு முப்பது ஆர்டருக்குள் எடுக்கும் ஸ்டுடியோவுக்கு இவ்வளவே போதும். அதற்கு மேல் போனால், இரண்டு மூன்று டீம் வைத்திருந்தால், கட்டண மென்பொருள் தன் செலவைத் தானே ஈட்டும்.

அவுட்டோருக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியலும் சேர்க்கலாம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். திண்டுக்கல் மலைக்கோட்டை தொல்லியல் துறையின் கையில் இருப்பதால் அனுமதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ட்ரோனுக்கு 2021 விதிகள் உண்டு. ஜோடியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபின் வழியில் நிற்பதைவிட முதல் நாள் பட்டியலைப் பார்ப்பது எளிது.

பணம் கட்டி வாங்குவோர் விற்பனையாளரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். என் வாடிக்கையாளர் பட்டியலையும் கணக்கையும் எப்போது வேண்டுமானாலும் எக்ஸெல்லாக இறக்கிக்கொள்ள முடியுமா? சந்தா நின்றால் படங்கள் எத்தனை நாள் இருக்கும்? தமிழில் செய்தி அனுப்ப முடியுமா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் தெளிவாக வராவிட்டாலும் வாங்க வேண்டாம்.

தொடங்க உகந்த காலம் கல்யாண ஆர்டர் குறையும் ஆடி. டைரியில் இருக்கும் ஆவணி, ஐப்பசி ஆர்டர்களை ஒரு வாரம் உட்கார்ந்து ஏற்றிவிடுங்கள். ஒரு சீசன் முழுக்க டைரியும் கூடவே இருக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகிறது என்று நம்பிக்கை வந்தபின் டைரியை மூடலாம்.