உங்களுக்குத் தெரியுமா? கச்சேரியை உதறவைத்த விருது

விருது அறிவித்தால் முணுமுணுப்பு கிளம்புவது வடபழனி சினிமா ஸ்டூடியோ வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆனால், 2024 மார்ச்சில் சென்னை மியூசிக் அகாடமி கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு 'சங்கீத கலாநிதி' பட்டத்தை அறிவித்தபோது நடந்தது வேறு ரகம். மேடை கிடைக்காதா என்று பலர் ஏங்கும் அந்த அரங்கில் கிடைத்த கச்சேரியையே வேண்டாம் என்றார்கள் ரஞ்சனி-காயத்ரி சகோதரிகள். கிருஷ்ணா பெரியாரைப் போற்றுவதையும், கர்நாடக இசை உலகைச் சாடுவதையும் காரணமாகச் சொன்னார்கள். திருச்சூர் சகோதரர்களும் விலகினார்கள். 2017இல் தான் பெற்ற அதே பட்டத்தைத் திருப்பித் தருவதாகச் சித்ரவீணா ரவிகிரண் அறிவித்தார். அகாடமித் தலைவர் என். முரளி அசைந்துகொடுக்கவில்லை.

அடுத்து கோர்ட். கலாநிதி பெறுபவருக்கு 'தி ஹிந்து' குழுமம் எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் தனியாக 1 லட்சம் ரூபாய் வழங்கிவந்தது. தனக்குச் சிலையோ நினைவுச் சின்னமோ கூடாதென்று எம்.எஸ். 1997இலேயே உயில் எழுதியிருந்தார். அதைக் காட்டி அவருடைய பேரன் வழக்குத் தொடர்ந்தார். எம்.எஸ். பெயரிலான விருதைப் பெற்றவர் என்று கிருஷ்ணா சொல்லிக்கொள்ளக் கூடாதென டிசம்பர் 16இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. டிசம்பர் 25 மாலை அதே அரங்கில் அவர் பாடினார், கூட்டத்துக்குக் குறைவில்லை!

லண்டன் கூத்து இதைவிட விநோதம். 1993இல் பிரிட்டனின் கலை விருதான டர்னர் பரிசு (20,000 பவுண்ட்) வென்ற சிற்பி ரேச்சல் ஒயிட்ரீடையே 'ஆண்டின் மோசமான கலைஞர்' என்று அறிவித்து, 40,000 பவுண்டை நீட்டியது கே ஃபவுண்டேஷன் என்ற கலைக் குழு. வாங்காவிட்டால் பணத்தைக் கொளுத்துவோம் என்று மிரட்டல் வேறு. வாங்கி, தானம் செய்துவிட்டார் ரேச்சல்.