வகுப்பறைக் காற்றில் பிறர் மூச்சு எவ்வளவு?

கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 மே மாதத்தில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அடுத்த கல்வியாண்டு முழுவதும் விரிவுரைகளை இணையவழியே நடத்துவதென முடிவு செய்தது. சிறு குழு வகுப்புகளை மட்டும் இடைவெளிவிட்டு நேரில் நடத்தலாம் என்றது. இடைவெளி மட்டும் போதுமா?

பேசும்போது வாயிலிருந்து நீர்த்திவலைகள் தெறிக்கின்றன. மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு குறுக்களவுள்ள திவலை சுமார் 6 விநாடிகளில் தரையில் விழுந்துவிடும். விழும் வேகம் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே, அதனினும் 20 மடங்கு சிறிய திவலை அரை மணிக்கு மேல் மிதக்கும்! அதற்கு இடைவெளி ஒரு பொருட்டல்ல. சன்னலைத் திறக்கத்தான் வேண்டும்.

திறந்தது போதுமா என்பதைக் கரியமில வாயு காட்டிக்கொடுக்கும். பத்து இலட்சம் பங்கு வெளிக்காற்றில் அது சுமார் 420 பங்கு; நாம் விடும் மூச்சிலோ சுமார் 40,000. அறையிலுள்ள அளவி 1,220 காட்டுகிறது என்று கொள்வோம். மிகுதியான 800-ஐ 40,000-ஆல் வகுத்துப் பாருங்கள். ஐம்பதில் ஒன்று! நீங்கள் இழுக்கும் காற்றில் ஐம்பதிலொரு பங்கு, அறையில் யாரோ (நீங்களாகவும் இருக்கலாம்) முன்பே விட்ட மூச்சு.

2021-இல் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு அரசே இத்தகைய அளவிகளை வழங்கியது. 1,500-ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதாதென்று பொருள். முகக்கவசம் அணிந்தால் இவ்வெண் குறையாது, திவலைகள்தாம் குறையும்.